விளக்குத்தூண் கடைக்காரங்களுக்கு ஒரு மடல்: பத்து நிமிஷம் போர்டு லைட்ட அமத்துவீங்களா?

மதுர விளக்குத்தூணச் சுத்தி கடை வச்சிருக்குற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், பத்துத்தூண் சந்துக்குள்ள மூட்டை ஏத்தி இறக்குற அண்ணன்மாருக்கும், பிளாட்பாரத்துல நைட்டியும் கர்ச்சீப்பும் விக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நான் உங்க பழைய கஸ்டமர்தான். எங்க கல்யாணத்துக்கு வேட்டி எடுத்ததுல இருந்து போன மாசம் பேத்திக்கு பாவாடை சட்டை எடுத்தது வரைக்கும் உங்க பக்கம்தான், பேரம் பேசிப் பேசி உங்கள்ல பாதிப் பேரு உசுர வாங்கிருக்கேன், அதுக்கு மொதல்ல மன்னிப்புக் கேட்டுக்குறேன்.

இந்த லெட்டர் எழுதணும்னு தோணுனதே உங்க கடைல நின்னுக்கிட்டு இருந்தப்பதான். சாயங்காலம் ஆறு ஆறேகாலுக்கு உங்கள்ல முக்காவாசிப் பேரு ஒண்ணு செய்றீங்க, செய்றோம்னு உங்களுக்கே தெரியுமான்னு தெரியல. சுவிட்சப் போடுறீங்க, லைட்டு எரியுது, உடனே கைல இருக்குற மீட்டர் கோல அப்பிடியே துணி மேல வச்சிட்டு அந்த லைட்டப் பாத்து ஒரு கும்பிடு, கன்னத்துல ரெண்டு தட்டு, அதுக்கப்புறம்தான் "சொல்லுங்கம்மா, என்ன கலர் காட்ட". முன்னாடி டியூப் லைட்டு ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டி யோசிச்சிட்டு எரியும், இப்ப எல்இடி பொட்டுனு எரிஞ்சிருது, ஆனா அந்தக் கும்பிடு மட்டும் மாறல. எதிர்க்கடைல இருக்குற இருபது வயசுப் பையன், காதுல ப்ளூடூத் மாட்டிக்கிட்டே கும்பிடுறான். கரண்டுக்கு முன்னாடி தெருவிளக்கு ஏத்துன ஆளுகளுக்காக உங்ககிட்ட ஒரு வேண்டுகோள் வைக்கணும், அந்தக் கும்பிட நம்பித்தான் இம்புட்டும் எழுதுறேன்.

நீங்க அட்ரஸ் சொல்லும்போது "விளக்குத்தூண் பக்கம்"னு சொல்றீங்க. ஆட்டோக்காரரும் அதையேதான் சொல்றாரு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பேரு. ஆனா அந்தத் தூண நின்னு பாத்தது எத்தன பேரு? கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேர்ற பக்கம் நிக்குதே அதேதான். தீபாவளி சீசன்ல அத யாரும் பாக்க முடியாது, சரி, மத்த நாள்லயாச்சும்?

தெரிஞ்சவங்க பொறுத்துக்கங்க, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அது பிளாக்பர்ன்னு ஒரு வெள்ளக்கார கலெக்டர் நெனவா வச்ச விளக்கு. மதுரையச் சுத்தி நாயக்கர் காலத்துக் கோட்டையும் அகழியும் இருந்துச்சுல்ல, 1830கள் கடைசில அந்தக் கோட்டைய இடிச்சு அகழியத் தூத்து ஊர வெளிய விட்டது அவரு காலத்துலதான். அப்ப அந்த வேலைல இருந்த சர்வேயர் மாரட் பேருலதான் மாரட் வீதி, மேஸ்திரி பெருமாள் பேருலதான் பெருமாள் மேஸ்திரி வீதி. வெளி வீதிகள் வந்ததும் அந்தக் கணக்குலதான். ஊரு மூச்சு விட எடம் கெடச்சுதுன்னு ஜனங்க நன்றியா வச்ச தூண் இது. சிலை வைக்கல, மண்டபம் கட்டல, ராத்திரில எல்லாருக்கும் ஆகட்டும்னு விளக்கு வச்சிருக்காங்க பாருங்க, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கலெக்டருக்கு தூண் இருக்கு. சர்வேயருக்கு வீதி இருக்கு. மேஸ்திரிக்குக் கூட வீதி இருக்கு (இது உண்மையிலேயே பெரிய விஷயம், எந்த ஊர்ல மேஸ்திரி பேர வீதிக்கு வச்சிருக்காங்க சொல்லுங்க). சரி, அந்தத் தூண்ல பொழுது சாய ஏணியப் போட்டு ஏறி விளக்கேத்துன ஆளு யாரு? அவரு பேரு எங்கயுமே இல்ல. கரண்டுக்கு முன்னாடி விளக்கு தானா எரியாதுல்ல, யாரோ ஒருத்தரு தெனமும் ஏறிருக்காரு, எறங்கிருக்காரு.

இது என்னடா இவருக்கு திடீர்னு விளக்கு மேல பாசம்னு கேப்பீங்க. எங்க தாத்தா, எங்கப்பாவோட அப்பா, அந்த வேலைதான் பாத்தாரு. மதுரைல இல்ல, மதுரையச் சுத்தி இருக்குற ஒரு சின்ன டவுன்ல, பேரு வேணாம். நான் பொறக்குறதுக்கு முன்னாடியே அவரு போய்ச் சேந்துட்டாரு. எனக்கு எல்லாம் அப்பத்தா சொன்னதுதான். அப்பத்தா கத சொல்ற ஆளு கெடையாது, வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாதி பாதியாச் சொல்லும், மீதிய நாமதான் சேத்துக்கணும்.

தாத்தாகிட்ட 42 விளக்கு இருந்துச்சாம். மத்தியானம் சாப்ட்டு ஒரு மணி நேரம் படுப்பாரு, மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சிருவாரு, ஏன்னா வேல விளக்கேத்துறதுல ஆரம்பிக்கிறதில்ல, சிம்னி தொடைக்கிறதுல ஆரம்பிக்குது. மொத நாள் ராத்திரி எரிஞ்ச சிம்னில புகை படிஞ்சு கருத்துப் போயிருக்கும், ஒரு பழைய வேட்டித் துணியக் கையில சுத்தி, அடுப்புச் சாம்பல சல்லடைல சலிச்சு மாவு மாதிரி எடுத்து, உள்ள கைய விட்டு தொடைக்கணும். சலிக்காத சாம்பல் போட்டா கண்ணாடில கீறல் விழுந்துரும், கீறல் விழுந்த சிம்னி சூட்டுல அதே எடத்துல விரிசல் விடும், ஒடஞ்ச சிம்னிக்கு காசு இவரு சம்பளத்துல பிடிப்பாக. அதனால சாம்பல் சலிக்கிற வேல மட்டும் அப்பத்தாவோடது, "ஒங்க தாத்தனுக்குச் சோறு ஆக்குனத விட சாம்பல் சலிச்சதுதான் ஜாஸ்தி"ன்னு சொல்லும்.

அடுத்து திரி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பட்டைத் திரி இருக்குல்ல, அத நேரா வெட்டுனா ரெண்டு மூலையிலயும் தீ கொம்பு மாதிரி எந்திரிக்கும், அது சிம்னியக் கருக்கிரும். அதனால கத்திரியால ரெண்டு ஓரத்தையும் ஒரு பொட்டு, அரிசி மொனை அளவுதான், சீவி விடணும். அப்பத்தான் தீ நடுவுல வட்டமா பூ மாதிரி நிக்கும். ஏத்துன ஒடனே திரிய ஒசத்தவும் கூடாது. கம்மியா வச்சு, சிம்னி பைய சூடேறுற வரைக்கும் விட்டு, அப்பறம்தான் திருகணும், அவசரப்பட்டா டப்புனு கண்ணாடி போயிரும். அதுனால ஒரு விளக்க ஏத்திட்டு ஏணில நின்னபடியே ஒரு பீடி இழுக்குற நேரம் காத்திருப்பாராம், அடுத்த விளக்குக்குப் போறதுக்கு முன்னாடி திருகி விட்டுட்டு எறங்குவாரு. ஒரு விளக்குக்கு எப்பிடியும் ரெண்டு நிமிஷம். 42 விளக்குக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க, ஏணியத் தூக்கிட்டு நடக்குற நேரம் தனி.

இதுல ஒரு வம்பு என்னன்னா, கடைசிச் சந்துல இருட்டுக்கு முன்னாடி விளக்கு எரியணும்னா மொத வீதில வெயில் இருக்கும்போதே ஏத்த ஆரம்பிக்கணும். மொத வீதிக்காரங்க "பட்டப்பகல்ல எரிக்கிறான் பாரு, ஊர் எண்ணெதான"ன்னு பேசுவாக. கடைசிச் சந்துக்காரங்க "எங்களுக்கு மட்டும் கடைசிலதான் வருவாரு"ன்னு பேசுவாக. தாத்தா ஒரு மாசம் அங்கிட்டு இருந்து ஆரம்பிப்பாரு, அடுத்த மாசம் இங்கிட்டு இருந்து. ரெண்டு பக்கமும் திட்டு வாங்குனது தவிர வேற பிரயோஜனம் இல்லைன்னு அப்பத்தா சிரிக்கும்.

தோள்ல மூங்கில் ஏணி, ஒரு கைல மூக்கு வச்ச தகர டின்னுல சீமெண்ணெ, வேட்டி மடிப்புல தீப்பெட்டி, கத்திரி. ஏணி படுற எடத்துல தோள்ல காய்ச்சுப் போயி கல்லு மாதிரி இருக்குமாம், சட்டை போட்டாலும் மேடு தெரியுமாம். அவரு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி சீமெண்ணெ வாடை வாசலுக்கு வந்துரும். எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்ப, அந்த வாடை இல்லாட்டி தூக்கம் வராதுன்னு சொல்லுவாரு.

மழைக்காலம்தான் கஷ்டம். சூடா இருக்குற சிம்னில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாப் போதும், தெறிச்சிரும். ஈசல் கெளம்புற அன்னைக்கு கூண்டுக்குள்ள ஈசலா நெறஞ்சு பர்னரே அடச்சுப் போகும், மறுநாள் குச்சிய விட்டு நோண்டி எடுக்கணும்.

இப்ப நான் சொல்ல வந்த கதைக்கு வர்றேன். பௌர்ணமிக்கு முன்னாடி பின்னாடி சில நாளு தெருவிளக்கு ஏத்தக் கூடாது, அதுதான் ரூல். நிலா வெளிச்சம் இருக்குல்ல, எண்ணெ மிச்சம். இது அந்த டவுன்ல மட்டும் இல்ல, வெள்ளக்காரன் ஊர்லயும் பல எடத்துல இதே கணக்குத்தான், பஞ்சாங்கத்தப் பாத்து விளக்கு. காலண்டரு நிலா இருக்குன்னு சொல்லும், ஆனா மேகம் காலண்டரப் பாத்துட்டா வருது? ஒரு ஐப்பசி பௌர்ணமி, வானம் பொத்துக்கிட்டு நிக்குது, ஊரே கும்மிருட்டு. தாத்தா ஏத்தல, ஏத்துனா எண்ணெக் கணக்கு இடிக்கும். அன்னைக்கு ராத்திரி ஒரு பெரிய மனுசன் சாக்கடைல விழுந்து கால ஒடச்சுக்கிட்டாரு. மறுநாள் விசாரணை. ரூல் போட்டவங்களும் அங்கதான் ஒக்காந்திருந்தாங்க, கேள்வி மட்டும் தாத்தாகிட்ட, "இருட்டா இருந்தா ஏத்த வேண்டியதுதான, அறிவு வேணாமா". நாலு நாள் சம்பளம் கட்.

அடுத்த மாசமும் பௌர்ணமிக்கு மேகம். தாத்தா ஏத்திட்டாரு. உத்தரவில்லாம எண்ணெ செலவு பண்ணுனதுக்கு ரெண்டு நாள் சம்பளம் கட்.

அப்பத்தா இத சொல்லி முடிச்சிட்டு வெங்காயத்த எண்ணெல போட்டுச்சு. அம்புட்டுதான், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். ரெண்டு நாளு கட்டுங்கறது நாலு நாளு கட்ட விட கம்மிதானேன்னு கேட்டேன். "ஆமா, அதான் ஒங்க தாத்தன் அதுக்கப்புறம் எப்பவும் ஏத்திருவாரு"ன்னுச்சு.

பின்னால கரண்டு வந்துச்சு. நீலகிரி பைக்காரால 1932ல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சு அது மதுர வரைக்கும் வந்து சேந்துச்சு, பழங்காநத்தம் தாண்டி ஒரு ஏரியாவுக்கே பைக்காரான்னு பேரு வந்தது அந்தக் கரண்டாலதான். ஆனா கரண்டு பெரிய வீதிகளுக்கு மொதல்ல வந்துச்சு, சந்து பொந்துக்கும் சின்ன ஊருக்கும் மெதுவாத்தான் வந்துச்சு, அது வரைக்கும் ஏணி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. எங்க தாத்தா ஊர்ல போஸ்ட்டுக்குப் போஸ்ட்டு சுவிட்சு வச்சு, ஒரு நீளக் கம்பக் குடுத்து தட்டி விடச் சொன்னாங்களாம். மொத நாள் தட்டிட்டு வந்து அப்பத்தாகிட்ட "தீயே இல்லாம எரியுதுடி"ன்னாராம். அந்த வேல இன்னும் முழுசா போயிரல பாத்துக்கங்க. நம்ம சுத்துப்பட்டு கிராமத்துல பல ஊர்ல இன்னைக்கும் டேங்க் ஆப்பரேட்டர் அண்ணந்தான் தண்ணியும் தொறந்து விடுறாரு, பொழுது சாஞ்சா தெருலைட்டு சுவிட்சயும் போடுறாரு. அவருக்குக் காய்ச்சல்னா ஊரு இருட்டு.

வெளிநாட்டுல இந்த ஆளுகள எப்பிடி வச்சிருக்காங்கன்னு கொஞ்சம் சொல்லிக்கிறேன், பொறாமையாத்தான் இருக்கு. லண்டன்ல பால்மால் தெருல 1807ல கேஸ் விளக்கு எரிஞ்சுச்சு. இன்னைக்கும் அந்த ஊர்ல 1,000க்கு மேல கேஸ் விளக்கு இருக்கு, அதுக்குள்ள சின்னக் கடிகாரம் இருக்கு, அதுதான் நேரத்துக்கு ஏத்தி அமத்துது, ஆனா அந்தக் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கவும் கண்ணாடி தொடைக்கவும் நாலஞ்சு பேரு கொண்ட ஒரு டீம் இருக்கு. போலந்துல விராட்ஸ்லாவ்னு ஒரு ஊரு, அங்க சர்ச் இருக்குற பழைய தீவுப் பகுதில நூத்துச் சொச்சம் கேஸ் விளக்கு, தெனமும் சாயங்காலம் ஒருத்தரு கருப்பு அங்கியும் ஒசரத் தொப்பியும் போட்டுக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா கைல ஏத்துறாரு, பின்னாடியே டூரிஸ்ட் கூட்டம். குரோஷியால சாக்ரெப் ஊர்லயும் அப்பிடித்தான். கூட்டம் பின்னாடி போறது புதுசு இல்ல. 1865ல பம்பாய்ல கேஸ் விளக்கு வந்தப்ப, ஏத்துறவரு ஒவ்வொரு விளக்கா போகப் போக ஜனம் வாயப் பொளந்துக்கிட்டு அவரு பின்னாடியே நடந்துச்சாம். கல்கத்தாவுக்கு 1857லயே வந்துருச்சு. பெங்களூர் கேஸ் கணக்கெல்லாம் பாக்காம 1905 ஆகஸ்ட்ல நேரா கரண்டு லைட்டுக்கே போயிருச்சு. நம்ம பக்கம் கேஸ் குழாயும் வரல, கரண்டும் லேட்டு, நமக்கு எண்ணெயும் ஏணியும்தான்.

அதுக்காக அந்த கேஸ் விளக்குல நமக்குப் பங்கு இல்லைன்னு நெனைக்காதீங்க. வெறும் கேஸ் தீ மஞ்சளாத்தான் எரியும். அத வெள்ளையா பளீர்னு ஆக்குனது மேண்டில், பெட்ரோமாக்ஸ்ல தீ மேல மாட்டுவாங்களே அந்த வலை, ஆஸ்திரியாக்காரர் வெல்ஸ்பாக் கண்டுபிடிச்சது. (மேண்டில்னு சொன்ன ஒடனே சிரிக்கிறீங்கன்னு தெரியுது, அந்தக் காமெடிய இங்க ஆரம்பிக்காதீங்க, லெட்டர் முடியாது.) அந்த மேண்டில்ல 100க்கு 99 பங்கு தோரியம்ங்கிற உலோகத்தோட ஆக்சைடு. அந்தத் தோரியம் எங்க இருந்து போச்சு? 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இங்க இருந்து ஏத்துமதி ஆன கயித்து நாருல ஒட்டியிருந்த மணலப் பாத்துட்டு, மோப்பம் பிடிச்சுக்கிட்டே வந்து நின்ன எடம் மணவாளக்குறிச்சி, நம்ம நாகர்கோவில் பக்கம். அந்தக் கடற்கரை மணல்ல இருந்துதான் மேண்டிலுக்குச் சரக்கு போச்சு. லண்டன்லயும் பெர்லின்லயும் தெருவு பளபளன்னு இருந்த காலத்துல, நம்ம மணவாளக்குறிச்சி தெருல என்ன எரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறீங்க? அகல்தான்.

சரி, வேண்டுகோளுக்கு வர்றேன். ரெண்டு கேக்குறேன்.

ஒண்ணு சின்னது. உங்கள்ல சில பேரு வீடு மகால் ஏரியால, கீழவாசல், முனிச்சாலைப் பக்கம், மூணு தலைமுறையா இருக்கீங்க. பரண்ல, மாடிப்படிக்கு அடில, பழைய பித்தள பர்னரோ, சிம்னியோ, மூக்கு டின்னோ கெடந்தா எடைக்குப் போட்டுறாதீங்க. வீட்டுப் பெரியவங்கள்ல எம்பது தொண்ணூறு வயசுக்காரங்க இருந்தா, தெருவுல விளக்கேத்த வந்தவரு ஞாபகம் இருக்கான்னு ஒரு வார்த்த கேளுங்க, போன்ல ரெக்கார்டு பண்ணிருங்க. பேரு தெரிஞ்சா நல்லது. பேரு தெரியாட்டி, "முண்டாசு கட்டியிருப்பாரு, எங்க திண்ணைல தண்ணி வாங்கிக் குடிப்பாரு" அப்பிடின்னாலும் போதும்.

ரெண்டாவது கொஞ்சம் பெருசு. மாசி வீதில மாசி அமாவாசை அன்னைக்கு, சிவராத்திரி கழிச்சு வருமே அந்த அமாவாசை, சாயங்காலம் ஏழு மணிக்கு பத்தே நிமிஷம், விளக்குத்தூண் கண்ணுக்குத் தெரியிற தூரத்துல இருக்குற எல்லாக் கடையும் போர்டு லைட்டு, ஷோகேஸ் லைட்டு எல்லாத்தையும் அமத்தணும். அந்த நேரத்துல ஏணி வச்சு ஒரே ஒரு விளக்கக் கையால ஏத்தணும். அம்புட்டுதான். மைக் வேணாம், பொன்னாட வேணாம், பிளெக்ஸ் கண்டிப்பா வேணாம். ஏத்தி முடிச்சதும் எல்லாரும் லைட்டப் போட்டுட்டு யாவாரத்தப் பாக்கலாம்.

அமாவாசைய ஏன் சொல்றேன்னா, பௌர்ணமிக்குத்தான் விளக்கேத்துறவங்களுக்கு லீவு. மாசியச் சொன்னதுக்கு, வீதிப் பேரு தவிர இன்னொரு காரணம், அப்ப உங்களுக்கு சீசன் இல்ல. ஐப்பசில கேட்டா செருப்பால அடிப்பீங்க, தெரியும்.

என்ன சொல்லப் போறீங்கன்னு நானே யோசிச்சுப் பாத்துட்டேன். துணிக்கடை ஏரியால நெருப்பான்னு கேப்பீங்க, நியாயம். அதனால தொறந்த தீயே வேணாம், நாலு பக்கம் கண்ணாடி போட்ட கூண்டு விளக்கு, கீழ ரெண்டு வாளி மணல், ஏறுறதுக்கு முன்னாடி போலீஸ்லயும் தீயணைப்புலயும் முறையா எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிரலாம், அலையுற வேல என்னோடது. அந்தத் தூண் மேலயே கை வைக்க வேணாம்னு சொன்னாங்கன்னா பக்கத்துல ஒரு தனிக் கம்பு நட்டுக்கலாம், தூணுக்கு ஒரு கீறல் விழக்கூடாது.

சீமெண்ணெ எங்க கெடைக்கும்னு கேப்பீங்க. ரேஷன்ல சீமெண்ணெ வாங்கி வருஷமாச்சு, ஆனா அது வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊரு எதுல எரிஞ்சுச்சு? ஆமணக்கெண்ணெ. அதுக்குப் பேரே விளக்கெண்ணெ. இப்ப அது வயித்துக்கும் வசவுக்கும் மட்டும் ஆயிப்போச்சு, "போடா வெளக்கெண்ணெ"ன்னு திட்டுறவனுக்கு அதுல விளக்கு இருக்குறதே காதுல விழாது. கெட்டியான எண்ணெ, மெதுவாத்தான் திரில ஏறும், ஆனா நின்னு எரியும். நாட்டு மருந்துக் கடைல கெடைக்கும்.

ஒரு விளக்கு பத்துமான்னு கேப்பீங்க. பத்தாது. அதுதான் வேணும். உங்க பிள்ளைக, பேரப் பிள்ளைக அங்க நிக்கணும், ஒரு விளக்கு எம்புட்டு தூரம் எட்டுது, அதுக்கு அங்கிட்டு இருட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணால பாக்கணும். அடுத்த விளக்குக்கும் இதுக்கும் நடுவுல எப்பிடி நடந்தாங்கன்னு கேக்கட்டும். என் பேத்தி போன வாரம் கரண்டு போனப்ப போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு "தாத்தா, முன்னாடி எல்லாருக்கும் ஃபுல் சார்ஜ் இருக்குமா"ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல.

செலவு யாருதுன்னும் ஒரு கேள்வி வரும், யாவாரிக கேக்காம இருக்க மாட்டீங்க. சோழர் காலத்துக் கல்வெட்டுல கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாம எரியிற விளக்கு, வைக்கணும்னா 96 ஆடு குடுப்பாக, "சாவா மூவாப் பேராடு"ன்னு எழுதியிருக்கும். அந்த ஆட்டுக குட்டி போட்டுக்கிட்டே இருக்கும், எண்ணிக்கை கொறையாது, நெய்யும் நிக்காதுன்னு கணக்கு. விளக்குன்னா ஒரு நாள் செலவில்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் உங்ககிட்ட ஆடு கேக்கல, பயப்படாதீங்க. எண்ணெ, திரி, கூண்டு எல்லாம் என் செலவு. உங்க செலவு பத்து நிமிஷ இருட்டு.

இன்னொரு ஆச இருக்கு, ஒத்துக்கிட்டீங்கன்னா. அடில ஒரு சின்னப் பலகை, ஒரு மொழம் அகலம் போதும், "இங்கே விளக்கு ஏற்றியவர்களின் பெயர் தெரியவில்லை"ன்னு எழுதி வைக்கணும். பெரியவங்ககிட்ட கேட்டு ஒரு பேராச்சும் கெடச்சிருச்சுன்னா பலகைய மாத்திக்கலாம்.

யாரு ஏத்துறதுன்னு நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன், எனக்கு ஆசதான், ஆனா எனக்கு 61 வயசு, முட்டி சரியில்ல. உங்க கடைப் பையங்கள்ல ஏணி ஏறிப் பழகுன ஒருத்தன விடுங்க, மேல் ரேக்குல இருந்து பண்டல் எடுக்குற பையனுக்கு இதெல்லாம் ஒரு ஒசரமே இல்ல. திரி வெட்டுறது மட்டும் நான் சொல்லித் தர்றேன், ரெண்டு மூலையிலயும் ஒரு பொட்டு. வீட்டுல ரெண்டு மூணு தடவ வெட்டிப் பாத்துட்டேன், ஒரு சிம்னி போச்சு, வீட்டம்மாகிட்ட திட்டு வாங்குனேன், இப்ப தீ வட்டமா நிக்குது.

எங்க வீட்டு மூங்கில் ஏணி கரையான் அரிச்சுப் போச்சு. யார் கடைலயாச்சும் பத்தடி ஏணி இருந்தா அன்னைக்கு ஒரு அரை மணி நேரம் குடுங்க. அலுமினியம் வேணாம், மூங்கிலா இருந்தா நல்லா இருக்கும். கீழ இருந்து பிடிச்சுக்க நான் வந்துர்றேன்.

இப்படிக்கு,
உங்க கடைல மூணு மீட்டருக்கு அரை மணி நேரம் பேரம் பேசுற ஆளு